பந்தல் தபால்: அவரைக் கேள்விகள்

போன இதழில் ஊர் அவரை விதையைப் பற்றி இரண்டே வரி எழுதினேன். வந்து குவிந்த தபாலைப் பார்த்துவிட்டு, "சார் ஏதும் மளிகைக்கடை போட்டிருக்கீங்களா?" என்றார் தபால்காரர். சில கவர்களில் விதையை வண்டு தின்று தீர்த்து, கடிதத்தை மட்டும் பெரிய மனதோடு விட்டுவைத்திருந்தது. பிழைத்துக் கிடந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: சித்திரையில் பாட்டி ஊர் அவரையை மொட்டைமாடியில் ஊன்றினேன். கொடி தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவைப் பிடித்துவிட்டது. ஆனி பிறந்தும் ஒரு பூ இல்லை. விதை மலடா? (மாடி விவசாயி, விருகம்பாக்கம்)

பதில்: விதை மேல் பழி போடாதீர்கள். அது காலண்டர் பார்க்கிற செடி, நீங்கள்தான் பார்க்கவில்லை. ஊர்ப் பந்தல் அவரைகளில் பெரும்பாலானவை பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். சித்திரையில் ஊன்றினாலும் சரி, ஆடியில் ஊன்றினாலும் சரி, பூ தலைகாட்டுவது ஐப்பசி, கார்த்திகையில்தான். நடுவில் நீங்கள் ஊற்றிய தண்ணீரும் போட்ட உரமும் இலைக்கும் ஆன்டெனாவுக்கும் போய்ச் சேர்ந்தன. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்றவர்கள் எதுகைக்காக மட்டும் சொல்லவில்லை.

சந்தையில் வருஷம் பூராவும் அவரைக்காய் கிடைக்கிறதே என்பீர்கள். பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத குத்து அவரை ரகங்களை ஆராய்ச்சி நிலையங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கின்றன. உங்கள் பாட்டியுடையது அந்தப் பள்ளியில் படிக்கவில்லை. தழைச்சத்தை நிறுத்துங்கள். கொடியை வெட்டாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கார்த்திகை வரை தவணை கேளுங்கள், முதல் பறிப்பில் பாதி அவருக்கு என்று சொல்லி.

கேள்வி: பரணில் மாமியாரின் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று கிடைத்தது. உள்ளே நாலைந்து விதமான விதைகள் கலந்து கிடக்கின்றன. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (மருமகள், உசிலம்பட்டி)

பதில்: நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கறுப்பு, சிவப்பு, புள்ளி எல்லாம் எல்லாக் குடும்பத்திலும் பிறக்கும். விதை காயில் ஒட்டியிருந்த தழும்பைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாக, சேவல் கொண்டை மாதிரி தூக்கி நிற்கிறதா? விரலால் தடவினாலே நெருடும். அது அவரை, அல்லது அதன் உடன்பிறப்பான மொச்சை. தழும்பு சின்னதாக, முட்டை வடிவில், உள்வளைந்த பக்கத்தின் நடுவே தொப்புள் மாதிரி இருந்தால் பீன்ஸ். தட்டையான விதையில் தழும்பிலிருந்து முதுகுப்பக்கம் விசிறி மாதிரி கோடுகள் ஓடினால் டபுள் பீன்ஸ். கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக, சிவப்பாக, ஒரு பக்கம் முழுக்கத் தழும்பே ஓடினால் வாளவரை, ஊர் வழக்கில் தம்பட்டை. தழும்பைச் சுற்றி மை தீட்டியிருந்தால் காராமணியாக இருக்கலாம்.

இது குடும்பப் பெயர்தான். இனிஷியல் தெரிய வேண்டுமானால் ஊன்றியே ஆகவேண்டும். தண்டின் நிறம், பூ வெள்ளையா ஊதாவா, காயின் விளிம்பில் ஊதாக்கரை உண்டா, எத்தனை நாளில் பூத்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எல்லா விதையையும் ஒரே வருஷத்தில் ஊன்றிவிடாதீர்கள். வெள்ளாடு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

சொல்கிற நானும் பட்டவன்தான். ஒரு விதைச் சந்தையில் 'யானைக்காது அவரை' என்று அழகான கையெழுத்தில் எழுதிய பொட்டலம் வாங்கினேன். நான்கு மாதம் கழித்துப் பந்தலில் தொங்கியது முழங்கை நீளத் தம்பட்டை. வாங்கிய அன்றே விதையைத் திருப்பித் தழும்பைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கையெழுத்தைப் பார்த்தேன்.

கேள்வி: மூக்குத்தி அவரை எந்த வகை அவரை? (நகைப்பிரியை, நாகர்கோவில்)

பதில்: எந்த வகையும் இல்லை. அது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் குடும்பம். நாம் சமைப்பது காய்கூட அல்ல, பருத்த காம்பு. மூக்குத்தி என்பது மட்டும் நிஜம்.

கேள்வி: என் வெள்ளைப்பூ அவரைக்குப் பக்கத்திலேயே எதிர்வீட்டுக்காரர் ஊதாப்பூ அவரை போட்டிருக்கிறார். கலந்துவிடுமா? போன வருஷ விதை அப்படியே அம்மா கொடுத்த மாதிரிதான் இருக்கிறது. (கவலைக்காரர், கரூர்)

பதில்: அந்தக் கடைசி வரியில்தான் ஆபத்து இருக்கிறது. விதைத்தோல் தாய்ச்செடியின் உடம்பு. மகரந்தம் எங்கிருந்து வந்திருந்தாலும் அந்த வருஷம் விதையின் மேல்சட்டை தாய் தைத்ததுதான். அப்பா யாரென்பது அதை ஊன்றி, கொடி வளர்ந்து பூத்த பிறகுதான் தெரியும். விதைத்தோலின் நிறத்தில் தெரிய இன்னொரு தலைமுறைகூட ஆகலாம். ஆகவே டப்பாவைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், பந்தலைப் பாருங்கள்.

பயப்படவும் வேண்டாம். அவரையும் பீன்ஸும் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்பவை. பீன்ஸ் இதில் மகா ஒழுக்கம், நாலைந்து மீட்டர் தள்ளி வைத்தாலே வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். அவரையில் அந்தக் குண்டுக் கருவண்டு உட்கார்ந்து பூவை அமுக்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதனால் கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதை. டபுள் பீன்ஸை நம்பவே கூடாது. விதைக்கென்று இரண்டு பூங்கொத்தை மொட்டாக இருக்கும்போதே பழைய கொசுவலைத் துணியில் பை தைத்துக் கட்டுங்கள். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். நூல் இன்னொன்றுக்கும் உதவும். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: விதைக்கென்று விட்டிருந்த முற்றல் காயையெல்லாம் என் கணவர் பறித்து, உரித்து, புளிக்குழம்பில் போட்டுவிட்டார். என்ன செய்யலாம்? (நொந்தவள், திருமங்கலம்)

பதில்: குழம்பு எப்படி இருந்தது? நன்றாக இருந்தது என்றால் அந்த ரகத்தைக் காப்பாற்ற வேண்டிய காரணம் நிரூபணமாகிவிட்டது. அடுத்த முறை முதலில் காய்த்த நல்ல கொடி ஒன்றை முழுசாக விதைக்கு ஒதுக்கி, கணவர் கண்ணில் படும்படி அந்தச் சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள். கடைசியில் மிஞ்சுவதை விதைக்கு விட்டால், தாமதமாகக் காய்க்கிற குணத்தையே வருஷா வருஷம் பொறுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: குவியலில் பெரிய விதையாகப் பொறுக்கி ஊன்றினால் வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டே போகுமா? (பேராசைக்காரன், பழனி)

பதில்: நூறு வருஷத்துக்கு முன்பே டென்மார்க்கில் வில்ஹெல்ம் ஜோஹான்சென் இதே ஆசையோடு பீன்ஸை எடைபோட்டுப் பார்த்தார். ஒரே செடியின் வாரிசுகளில் பெரியதை ஊன்றினாலும் சிறியதை ஊன்றினாலும் பிள்ளைகளின் சராசரி எடை ஒன்றுதான் என்று 1903-இல் எழுதினார். அந்தப் பெரிய விதை நல்ல இடத்தில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டது, அவ்வளவே. 'ஜீன்' என்ற சொல்லை 1909-இல் உலகத்துக்குக் கொடுத்தவரும் அவர்தான். ஆகவே விதையைப் பொறுக்காதீர்கள், செடியைப் பொறுக்குங்கள். அசுவினி மொய்த்த வருஷத்திலும் காய்த்த கொடி எதுவோ அதில் எடுங்கள்.

கேள்வி: குகையில் பானைக்குள் கிடைத்த ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துப் பீன்ஸ் என்று விற்கிறார்கள். வாங்கலாமா? (ஆர்வலர், ஆவடி)

பதில்: பானையை வேண்டுமானால் வாங்குங்கள். அமெரிக்காவில் 'அனசாஸி' பீன்ஸுக்கு இதே கதையைப் பல காலமாகச் சொல்கிறார்கள். பீன்ஸ் நல்லதுதான், பானைக்கதைதான் முளைக்காது. நம் வீட்டுச் சூட்டில் பயறுவகை விதை மூன்று நான்கு வருஷம் தெம்பாக இருந்தால் பெரிது. சந்தேகமென்றால் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள், ஒரு வாரத்தில் அதுவே சொல்லிவிடும்.

கேள்வி: வண்டு விழாமல் விதையை எப்படி வைப்பது? (இழந்தவர், இளையான்குடி)

பதில்: முதலில் காயவேண்டும். ஒரு விதையைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். நசுங்கினால் ஈரம், சில்லாகத் தெறித்தால் பதம். அந்தக் காலத்தில் செம்மண் கட்டினார்கள், சாம்பலில் புரட்டினார்கள், சுரைக்குடுக்கையில் போட்டு அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டார்கள். இன்று உங்கள் அடுப்பில் புகை இல்லை, ஆனால் ஃப்ரீசர் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் உள்ளேயிருக்கும் முட்டையும் புழுவும் முடிந்துபோகும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். பாட்டில் அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் வேர்வையை விதை குடித்துவிடும்.

கேள்வி: மிஞ்சிய சிவப்பு பீன்ஸ் விதையை முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடலாமா? (ஆரோக்கியம், ஆலந்தூர்)

பதில்: கூடாது. வாந்தியும் பேதியும் நிச்சயம். ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தளதளவென்று கொதிக்கவைத்து வேகவிட்ட பிறகுதான் வாயில் வைக்கவேண்டும்.

கேள்வி: கிலோ கணக்கில் சந்தையில் கிடைப்பதற்கு இத்தனை பாடா? உலகத்தில் வேறு யாருக்கும் இந்தப் பைத்தியம் உண்டா? (யதார்த்தவாதி, ஈரோடு)

பதில்: உண்டு. ஜான் விதீ என்றொரு அமெரிக்கர், மெய்ன் மாநிலத்தில் சிறுவயதில் தின்ற ஒரு பீன்ஸைத் தேடக் கிளம்பினார். தேடியது கிடைத்த பிறகும் நிறுத்த முடியவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் சேர்ந்துவிட்டன. ஒரு மனிதரால் இத்தனையையும் மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருக்க முடியுமா? 1981-இல் முழுவதையும் 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்ற விதை சேமிப்பு அமைப்பிடம் ஒப்படைத்தார். நீங்களும் ஒரு ரகத்தை இரண்டு வீட்டிலாவது கொடுத்து வையுங்கள். உங்களுடையதை வெள்ளாடு மேய்ந்தால் திரும்பக் கேட்க ஓர் இடம் வேண்டும். சட்டமும் தடுக்காது: 2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பிராண்டு பெயர் போடாமல் விற்கவும் செய்யலாம்.

இந்த இதழ் கைக்கு வரும்போது ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கும். விதை அனுப்புகிறவர்கள் பொட்டலத்தின் மேல் ஊர், ஊன்றிய மாதம், பூத்த மாதம், பூவின் நிறம் நான்கையும் எழுதுங்கள். வெறுமனே 'அவரை' என்று எழுதி வருவதெல்லாம் எங்கள் வீட்டுப் புளிக்குழம்புக்குப் போய்விடும்.