ஐந்து மதிப்பெண் மாசு

உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 நெருங்கினால் பள்ளிகளுக்குத் திடீர்க் கூட்டாளிகள் முளைக்கிறார்கள். ஆலை ஒன்று, அறக்கட்டளை ஒன்று, ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று. பேனரில் ‘சுற்றுச்சூழல் கல்விக்கான சமூகக் கூட்டாண்மை’. சமூகத்தைத்தான் காணோம். அதற்கு அழைப்பிதழ் போகவில்லை.

சென்னைக்குப் பெருமழை அக்டோபரில் வரும். மரக்கன்று மட்டும் கத்திரி வெயில் ஆறாத ஜூனில் நடப்படும். விருந்தினர் அன்றைக்குத்தானே வருகிறார்! கன்று செத்தால் என்ன? படம் பிழைத்துக்கொள்ளும்.

உத்தரவுகளுக்குப் பஞ்சமில்லை. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி 1991இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காதில் விழவில்லை. 2003இல் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. பிறகு 2013இல் கம்பெனிகள் சட்டம் வந்தது. பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். பட்டியலில் கல்வியும் உண்டு, சுற்றுச்சூழலும் உண்டு. பள்ளியில் ஒரு கன்றை நட்டால் இரண்டு கணக்கும் நேர். மீதி 98 சதவீதம் எப்படி வந்தது என்ற கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை.

வடசென்னையின் எண்ணூருக்கு வாருங்கள். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவது பழைய கதை. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்தது. மறுபடி வாளி. அதே மாதம் உரத் தொழிற்சாலைக் குழாயில் அமோனியா கசிந்து, ஊர் நள்ளிரவில் எழுந்து ஓடியது. ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில் நம் சுற்றுச்சூழல் அறிவியல் கண்ட முன்னேற்றம் இதுதான்: வாளி புதுசு.

காற்றின் திசையை வைத்து மீன்பாடு சொல்லும் மீனவர் அங்கே இருக்கிறார். தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண் இருக்கிறார். ஆறு எந்த இடத்தில், எந்த வருஷம் செத்தது என்று இவர்களுக்குத் தெரியும். ஆனால் இவர்கள் ‘கருத்தாளர்’ ஆக முடியாது. பவர்பாயிண்ட் தெரியாதே!

தேர்வில் கேள்வி வரும்: ‘நீர் மாசடைவதற்கான காரணங்களை எழுதுக.’ ஐந்து மதிப்பெண். ‘தொழிற்சாலைக் கழிவுகள்’ என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. எந்தத் தொழிற்சாலை என்று ஒரு பிள்ளை எழுதிவிட்டால்? ஐயோ, அந்தப் பெயர்தானே பள்ளியின் குடிநீர் இயந்திரத்தில் ஒட்டியிருக்கிறது! நிலத்தடி நீரைக் கெடுத்தவரே வடிகட்டியும் தருகிறார். பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டி, தாலாட்டுக்கு விருதும் வாங்குகிறார். தலைமையாசிரியர் பொன்னாடை போர்த்துகிறார். அதிகாரி கைதட்டுகிறார்.

ஆலையோடு பள்ளி போடும் அடுத்த புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேருங்கள். நேற்று ஆலையின் புகைபோக்கி எவ்வளவு கக்கியது, குழாய் எவ்வளவு கொட்டியது என்பதைத் தினமும் காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு மாணவி வாசிக்க வேண்டும். திருக்குறளுக்கு அடுத்து, செய்திகளுக்கு முன்.

அதற்குப் பிறகும் எத்தனை கூட்டாளிகள் மிஞ்சுகிறார்கள் என்று எண்ணுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே எண்ணிவிடும். பூஜ்யம் அதற்குச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது.