ஆறில் ஒன்று: இலையுதிர் காலப் பூங்காவில் பொம்மையைப் படம்பிடித்தல் பற்றிய ஓர் ஆய்வு

1. நோக்கம்

கொலுப்படியில் பொம்மையை உட்கார வைத்து, வந்தவர்களுக்குச் சுண்டல் கொடுத்து அனுப்புவதோடு நம்மவர் கடமை முடிந்துவிடுகிறது. அதே பொம்மைக்குக் குளிர்ச்சட்டை போட்டு, பூங்காவுக்குக் கூட்டிப்போய், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே நிறுத்திப் படம் எடுப்போரின் நிலையை ஆராய்வார் இல்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்கும். களம், ரொறன்ரோவின் மேற்கே 161 ஹெக்டேயரில் விரிந்து கிடக்கும் ஹை பார்க். காலம், ஒக்ரோபர் மூன்றாம் வாரம். ஆய்வுப்பொருள், 29 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு பார்பி. ஆய்வாளர் என் மகள். வெள்ளை மட்டையைப் பிடித்து, பொம்மையின் முகத்துக்கு வெளிச்சம் திருப்பும் உதவியாளன் நான். இத்தொழிலில் இறங்கும் மனிதர் பொம்மையின் அளவுக்குச் சுருங்குவர் என்பது கருதுகோள்.

2. முன்னோடிகள்

1917இல் இங்கிலாந்தின் கொட்டிங்லி என்ற கிராமத்தில் எல்ஸி ரைற், பிரான்சிஸ் கிரிஃபித்ஸ் என்னும் இரு பெண்பிள்ளைகள், காகிதத்தில் வெட்டிய தேவதைகளைத் தொப்பி ஊசியால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கொனன் டொயில் அவற்றை நம்பி, 1920இல் பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். காகிதம்தான் என்று அவர்கள் ஒப்புக்கொள்ள 1983 ஆயிற்று. அப்போதும் ஐந்தாவது படம் மட்டும் உண்மை என்று பிரான்சிஸ் விடாப்பிடியாக நின்றார். துப்பறிவாளரைப் பெற்றவரே கண்டுபிடிக்காத அந்த ஊசிதான் இத்துறையின் மூலக்கருவி. பார்பியின் குதி தூக்கிய பாதம் இலைக்குவியலில் நிற்காது. இன்றைக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பி வேண்டும். கம்பியை மறைக்க ஓர் இலை வேண்டும்.

3. முதல், கரு, உரி

தொல்காப்பியர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் இலையுதிர் காலம் என்ற பெயரில் ஒன்றில்லை. அவர் ஒன்ராறியோவுக்கு வந்தவரல்லர். எனவே நாமே வகுத்துக்கொள்வோம். முதற்பொருள்: பூங்காவும், பொழுது சாய்வதற்கு முந்திய ஒரு மணி நேரமும். கருப்பொருள்: ஓக், மேப்பிள், கறுப்பு அணில், எசமானை இழுத்துக்கொண்டு வரும் நாய். உரிப்பொருள்: இருத்தல். காற்று அடங்கும்வரை, மேகம் விலகும்வரை, பொம்மையின் வாயில் ஒட்டிய தலைமயிர் தானாக விலகும்வரை இருத்தல். "அப்பா, அசையாமல் நில்லுங்கோ" என்பதே இத்திணையின் ஒரே கூற்று.

பச்சையம் சிதையும்போது, இலைக்குள் முன்பே இருந்த கரோட்டினொயிட்டின் மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு, அந்தோசயனின் புதிதாகச் சுரப்பதால் வருவது. உதவியாளனின் மூக்குச் சிவப்பதற்குக் காரணம் வேறு.

4. அளவையியல்

பார்பி மனிதரில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே அவள் உலகத்தை ஆறால் பெருக்க வேண்டும். 12 சென்ரிமீற்றர் அகலமான மேப்பிள் இலை 72 ஆகும். அது பந்தி இலை. 2.5 சென்ரிமீற்றர் ஓக் கொட்டை 15 ஆகும். அது உரித்த தேங்காய். வாலை விட்டால் 25 சென்ரிமீற்றர் வரும் அணில் ஒன்றரை மீற்றர் ஆகும், அது கரடி. போன வாரம் இந்தக் கரடி வந்து, பார்பியின் கைப்பையை முகர்ந்துவிட்டு, தேங்காயைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

கமராவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஏபிஎஸ்-சி சென்சர், 50 மில்லிமீற்றர் லென்ஸ், 45 சென்ரிமீற்றர் தூரம், எஃப் 1.8 என்றால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். மூக்குத் தெளிந்தால் காது கலங்கும். எஃப் 8 வைத்தால் இரண்டும் தெளியும். பின்னால் நிற்கும் குப்பைத் தொட்டியும் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்.

5. வேடிக்கை பார்ப்போர்

இவர்கள் மூவகையினர். குழந்தைகள் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பார்கள். ஏன் என்று கேட்பதில்லை. வளர்ந்தவர்கள் பார்க்காதவர்போல் கடந்து, பத்தடி போய்த் திரும்பிப் பார்ப்பார்கள். நம்மவர் மட்டும் நின்று, பொம்மையை விட்டுவிட்டு, "பிள்ளை என்ன படிக்கிறா?" என்று கேட்பார்கள்.

6. களச்சான்று

கம்பியைப் பிடுங்கியபோது பார்பியின் இடது சப்பாத்தைக் காணவில்லை. இரண்டு சென்ரிமீற்றர் நீளம், சிவப்பு நிறம். கிடந்த இலை அத்தனையும் சிவப்பு. முழங்காலில் நின்று ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். கைத்தடியோடு வந்த வெள்ளைக்கார முதியவர், என்ன தேடுகிறாய் என்றார். சப்பாத்து என்றேன். என் கால்களைப் பார்த்தார், இரண்டிலும் இருந்தன. மகள் பொம்மையை உயர்த்தி, வெறுங்காலைக் காட்டினாள்.

அவர் கைத்தடியை ஓக்கில் சாய்த்தார். முதலில் ஒரு முழங்காலை ஊன்றினார். மூச்சு வாங்கிக்கொண்டு மற்றதையும் ஊன்றினார். பிறகு கேட்டார்: "என்ன நிறம்?"

7. முடிவு

கருதுகோள் நிறுவப்பட்டது. சப்பாத்து கிடைக்கவில்லை.