ஆறிய ரேடியேட்டர் இயல்

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், பாய்லர் உறும, கேஸ் மீட்டர் ஓட, ஓர் அறை ரேடியேட்டர் மட்டும் சில்லென்று கிடப்பது ஏன் என்று ஆராய்தல் நுதலிற்று. ஆய்வுக் களம், கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கத்து வரிசை வீடுகள். காலம், அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னே தள்ளியது முதல் மார்ச் கடைசி ஞாயிறன்று முன்னே தள்ளும் வரை. மற்ற மாதங்களில் ரேடியேட்டர் ஆறிக் கிடப்பதை யாரும் குறையாகக் கொள்வதில்லை. அப்போது அது துணி காயப்போடும் கொடி.

இத்துறையின் முன்னோர் இருவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வார்ப்பிரும்புத் தொழில் நடத்திய ஃபிரான்ஸ் சான் கல்லி 1850களில் ரேடியேட்டரைப் படைத்தார் என்பது பெரும்பான்மைக் கொள்கை. அதன் ஓரத்தில் எண் பொறித்த குமிழை வைத்த பெருமை டென்மார்க்கின் மாட்ஸ் கிளாவுசனுக்கு உரியது, ஆண்டு 1943. குமிழை 5-இல் வைத்தால் அறை விரைவில் சூடாகும் என்று மக்கள் நம்புவார்கள் என அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். 5 என்பது வேகம் அன்று, எல்லை. அறை எந்தச் சூட்டை எட்டியதும் வெந்நீரை மறிப்பது என்பதையே அவ்வெண் சொல்லும்; 3-இல் வைத்தால் ஏறத்தாழ 20 டிகிரி.

இனிக் கட்சிகள். சுவரிலுள்ள தெர்மோஸ்டாட்டை 30-க்கு ஏற்றிவிட்டுக் காத்திருப்போர் ஒரு சாரார். அவர்கள் கொள்கைக்கு மறுப்பு எழுதத் தேவையில்லை. மாதக் கடைசியில் பில் வந்து எழுதிவிடும். எந்த ரேடியேட்டர் எப்படி ஆறினாலும் காற்றுதான் என்று சொல்லிச் சாவியைத் தேடுவோர் மற்றொரு சாரார். இக்கட்சி மிகப் பெரிது. காரணம் தத்துவம் அன்று. வீட்டிலிருக்கும் ஒரே கருவி அந்தச் சதுரத்துளைச் சாவி என்பதே.

இருவரும் செய்யாத செயல் ஒன்றுண்டு. ரேடியேட்டரைக் கையால் தொட்டுப் பார்ப்பது. எங்கே ஆறியிருக்கிறது என்பதே எதனால் ஆறியது என்பதைச் சொல்லிவிடும் என்பது நம் துணிபு.

மேலே குளிர்ந்து கீழே சுட்டால் காற்று. அவ்விடத்து மட்டும் சாவிக் கட்சி வெல்லும். அவர்களும் முறையை அறிந்து வெல்லட்டும். முதலில் ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிடுக. பழைய துணியும் காலித் தயிர் டப்பாவும் எடுத்துக்கொண்டு, மேல் மூலையிலுள்ள திருகைக் கால் சுற்று மட்டும் திருப்புக. ஸ்ஸ் என்று நீண்ட மூச்சு வரும். பழைய இரும்பு வாடை வரும். அது நின்று தண்ணீர் துப்பத் தொடங்கியதும் மூடுக. திருகை முழுதும் கழற்றினவர்களின் கார்ப்பெட்டைப் பார்த்தால் தெரியும். அந்தக் கறுப்பு எந்தச் சோப்புக்கும் போவதில்லை. பிறகு பாய்லரின் அழுத்தமானியைப் பார்த்தல் வேண்டும். காம்பி பாய்லராயின் ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால் நிரப்புக் குழாயைத் திறந்து ஏற்றுக. ஏற்றியபின் இறுக மூடுக. மறந்தால் அழுத்தம் 3 பாரை எட்டி, வெளிச்சுவர்க் குழாய் சொட்டத் தொடங்கும்.

அற்றேல், வாரந்தோறும் காற்று சேர்வது ஏன் எனின், அது காற்றே அன்று என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. உள்ளிரும்பு அரிக்கும்போது ஹைட்ரஜன் பிறக்கும், அது தீப்பற்றும். ஆகலின் திருகைத் திறக்கும் இடத்தில் சிகரெட்டோ மெழுகுவர்த்தியோ கூடாது என்க.

அதே அரிப்பின் மற்றொரு பிள்ளை மேக்னடைட் என்னும் கறுப்புச் சேறு. அது அடியில் படிந்துவிட்டால் மேற்புறம் சுடும், நடுவடி குளிரும். இங்கே சாவியால் ஒரு பயனும் இல்லை. ரேடியேட்டரைக் கழற்றித் தோட்டத்தில் ஹோஸ் வைத்துக் கழுவலாம். எல்லா அறையிலும் இதே கதை என்றால் மொத்த அமைப்பையும் அலசுவிக்க வேண்டும். பின் அரிப்பு தடுக்கும் மருந்தைத் தண்ணீரில் சேர்ப்பதும், சேற்றைப் பிடிக்கும் காந்த வடிகட்டி பொருத்துவதும் மரபு.

ரேடியேட்டர் முழுதும் ஆறி, அதற்கு வரும் குழாய் மட்டும் சுட்டால் குமிழே குற்றவாளி. குமிழைக் கையால் கழற்றினால் உள்ளே சிறு ஊசி தெரியும். அழுத்தினால் இறங்கி, விட்டால் எழ வேண்டும். எழாவிட்டால் பக்கவாட்டில் மெல்லத் தட்டுக, ஒரு சொட்டு எண்ணெய் விடுக. குறடால் பிடித்து இழுக்கற்க. ஊசியோடு தண்ணீரும் வரும்.

குமிழ் பழுதின்றியும் பொய் சொல்வதுண்டு.

"தம்பி, உது நேற்றுச் சுட்டது. இண்டைக்குச் சுடேல்லை. பாய்லருக்கு என்னவோ நடந்திட்டுது."

"மாமி, முதலிலை அந்தத் துவாயை எடுங்கோ."

குமிழின் தலைமேல் விரித்த ஈரத் துவாயும், முன்னே ஒட்டிப் போட்ட சோபாவும், தரைவரை தொங்கும் திரையும் சூட்டை அங்கேயே பிடித்து வைக்கும். அறையே வெந்துவிட்டது என்று நம்பிக் குமிழ் மூடிக்கொள்ளும். வீட்டுப் பழுதில் செலவே இல்லாமல் தீருவது இது ஒன்றே. மாமி நம்பவில்லை என்பது வேறு செய்தி.

தளவாரியாகப் பார்ப்பின், மாடி சுட்டுக் கீழ்த்தளம் முழுதும் ஆறினால் பம்பை ஐயுறுக. வெந்நீர் தானே மேலேறும், கீழே வரத்தான் அதற்கு உந்துதல் வேண்டும். பரண் தொட்டி உள்ள பழைய அமைப்பில் மாடி மட்டும் ஆறினால் தொட்டி வறண்டிருக்கக் கூடும்.

எஞ்சியது, பாய்லருக்கு அருகிலுள்ளவை கொதிக்க, கடைசி அறை மட்டும் என்றும் வெதுவெதுப்பாகவே இருப்பது. பந்தியில் முதல் இலைக்காரர் பாயசத்தை வழித்துக் குடித்துவிட்ட கதை. கடை இலைக்காரர் எவ்வளவு கத்தினாலும், முதல் இலையில் கரண்டியைச் சுருக்காமல் தீராது. ரேடியேட்டரின் மறுமுனையில் எண்ணில்லாத ஒரு மூடி இருக்கும். அதன் கீழுள்ள வால்வை அருகு அறைகளில் சற்று மூடி, கடைசி அறையில் முழுதும் திறக்க வேண்டும். எத்தனை சுற்று திருப்பினோம் என்று குறித்துவைப்பது அறிவுடைமை. ஒரு திருப்பு, அரைமணிக் காத்திருப்பு, மறுபடி ஒரு தொடல் என்று ஒரு ஞாயிறே போய்விடும். அதனால்தான் சாவிக் கட்சியார் இதன் பேரையும் எடுப்பதில்லை.

பாய்லரின் மூடிக்குள் மட்டும் இவ்வாராய்ச்சி புகாது. பிரிட்டனில் கேஸ் வேலை கேஸ் சேஃப் பதிவு பெற்றவர்க்கே உரியது. 2009 ஏப்ரல் முதல் அந்தப் பதிவேடே நடப்பில் உள்ளது. யூடியூப் பார்த்த மச்சானுக்கு அதில் விலக்கு இல்லை.

வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். வசந்தத்தில் ஹீட்டிங்கை நிறுத்தும்போது குமிழ்களை மூடாமல் 5-இலேயே விட்டுவையுங்கள். மூடிக் கிடக்கும் ஊசிதான் கோடையில் ஒட்டிக்கொள்கிறது. செப்டம்பரில் ஒருநாள் ஹீட்டிங்கைப் போட்டு எல்லா அறையிலும் கைவைத்துப் பாருங்கள். முதல் குளிர் வந்த வாரத்தில் எந்த பாய்லர்காரரும் போனை எடுப்பதில்லை.