இரண்டு மலைக்கு நடுவே

எங்கள் பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் தமிழ்நாடு கிடையாது. ஆந்திரா பாதி இருக்கிறது. இலங்கை வெளிறிப்போய்க் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. அதுதான் நாம். அச்சுக்காரன் மேல் தப்பில்லை. வந்துபோன ஆசிரியர்கள் அத்தனை பேரும் "நாம இங்கதான் இருக்கோம்" என்று ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தியதிலும், பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து தொட்டுப் பார்த்ததிலும் தேய்ந்து போயிற்று. சைபீரியாவைப் பாருங்கள், வாங்கிய அன்றைக்கு இருந்த பளபளப்பு அப்படியே இருக்கிறது. தொட ஆளில்லை.

1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தில் வந்த உருண்டை என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் 2006-இல் அந்தப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனபோதே தமிழ்நாட்டில் பாதிதான் மிச்சம் இருந்தது. கடலோரத்து ஈராசிரியர் பள்ளி. என் வீடு செங்கல்பட்டில். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ். நாடே இல்லாமல் புவியியல் நடத்துவது எனக்கு உறுத்தியது. செங்கல்பட்டில் ஒரு கடையில் புது உருண்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பூமி. காலி அன்னக்கூடையோடு மீன் எடுக்கப் போகும் அம்மா ஒருவர் இரக்கப்பட்டு, "குடுப்பா, மடில வச்சிக்கிறேன்" என்றார்.

"என்னாப்பா இது, தர்பூசா?"

"உலகம்மா."

விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "உள்ள ஒண்ணுமே இல்லியே" என்றார். பிறகு அதன் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். திருக்கழுக்குன்றத்தில் பிரேக் போட்டபோது ஆர்க்டிக்கில் நெற்றி இடித்ததே தவிர வேறு சேதமில்லை.

பள்ளிக்குப் போனதும் தலைமையாசிரியை உருண்டையை இரண்டு கையாலும் வாங்கினார், இருப்புப் பதிவேட்டில் வரிசை எண் போட்டு எழுதினார், பீரோவில் வைத்துப் பூட்டினார். "புதுசு சார். பசங்க கையில குடுத்து உடைஞ்சா ஆடிட்ல யாரு பதில் சொல்றது?" நியாயம்தான். ஆகவே பிள்ளைகள் இன்றும் பழைய உருண்டையில்தான் வெள்ளைத் திட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். பீரோவுக்குள் தமிழ்நாடு பத்திரமாக இருக்கிறது.

ஆசிரியர் பாஷையில் இதற்கெல்லாம் பெயர் டி.எல்.எம். தமிழில் கற்றல் கற்பித்தல் துணைக்கருவிகள். இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று எங்களுக்கு ஒருமுறை மூன்று நாள் பயிற்சி நடந்தது. சொல்லிக் கேட்டது மறந்துபோகும், கண்ணால் கண்டதுதான் நிற்கும் என்று பயிற்சி கொடுத்தவர் மூன்று நாளும் நின்றபடியே சொன்னார். எதையும் காட்டவில்லை. எனக்கு நினைவில் நின்றது மூன்றாம் நாள் கொடுத்த கேசரி மட்டும்.

அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் அப்போது ஒரு ஆசிரியருக்கு வருஷத்துக்கு 500 ரூபாய் இதற்கென்றே கொடுத்தார்கள். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, தெர்மாகோல், பசை என்று ரசீது வைக்க வேண்டும். தெர்மாகோலைக் கண்டுபிடித்தவர் தமிழ்நாட்டு ஆசிரியர்களை மனத்தில் வைத்தே கண்டுபிடித்திருக்க வேண்டும். கொசு முதல் கோட்டை வரை அதில் செய்யமுடியாதது இல்லை. அறுக்கும்போது வரும் சத்தத்துக்கு மட்டும் வீட்டில் சோறு கிடைக்காது.

என் முதல் முயற்சி மீன். கடலோரப் பள்ளி, மீனவப் பிள்ளைகள், "தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு" என்று கல்வியியலில் படித்திருந்தேன். இரவு 11 மணி வரை உட்கார்ந்து முழு சார்ட்டில் ஒரு பெரிய மீன் வரைந்தேன். செவுள், செதில், துடுப்பு, வால் எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. நன்றாக இருக்கிறதே என்ற பூரிப்பில் கண்ணுக்கு மேலே அழகாக நாலைந்து இமைமயிரும் போட்டேன்.

மறுநாள் சார்ட்டை மாட்டியதும் வகுப்பு கப்சிப். மூன்றாம் வரிசையில் ஒருவன் எழுந்தான். "சார், மீனுக்கு ரெப்பை ஏது?"

"என்னடா?"

"மீனு கண்ண மூடாது சார். செத்தாக்கூட தெறந்துதான் இருக்கும்."

நான் மதுரையில் கல்யாணம் செய்துகொண்டவன். மீனாட்சி என்ற பெயருக்கு, மீன்போல் இமைக்காமல் உலகைக் காப்பவள் என்று மாமனார் சொல்லிக் கேட்டு நூறு தடவை தலையாட்டியிருக்கிறேன். அவ்வளவு ஆட்டியும் கையில் பேனா எடுத்தபோது அது நினைவுக்கு வரவில்லை. பையன் அதோடு விடவில்லை. என் மீனுக்கு முதுகுத் துடுப்பு இடம் மாறியிருக்கிறது, வால் பிளவு போதாது, மொத்தத்தில் இது எந்த வலையிலும் படாத மீன் என்று வகுப்பே கூடித் தீர்ப்புச் சொன்னது. அந்த ஒரு பீரியடில் நான் கற்றது அதிகம். கற்பித்தவர்களுக்குத்தான் டி.எல்.எம். பணம் போகவில்லை.

அடுத்து வந்தது செயல்வழிக் கற்றல். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவியது. வேர், ஆந்திராவின் ரிஷிவேலியில். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. சுவரில் ஏணிப்படி மாட்டியிருக்கும். பிள்ளை தானே வந்து தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு போகும். கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோரமாகக் கரும்பலகை, ஆளுக்கொரு பாகம். அவ்வளவு நாளும் என் முதுகைப் பார்த்துப் படித்தவர்கள் முதல்முறையாக அவரவர் எழுத்தைப் பார்த்தார்கள். ஆசிரியரும் பாயில் உட்கார வேண்டும் என்பதுதான் எனக்குச் சங்கடம். உட்காருவதில் பிரச்சினை இல்லை. எழுந்திருக்க இரண்டு பிள்ளைகள் துணைக்கருவியாகத் தேவைப்பட்டார்கள்.

அந்த முறையில் காலநிலை அட்டவணை என்று ஒன்று உண்டு. தினமும் காலையில் ஒரு பிள்ளை வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து குறிக்க வேண்டும். எங்கள் சுவரில் வெயில், மேகம், மழை, காற்று என்று நாலு படம் இருந்தது. ஒரு நாள் ஒரு பெண் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"என்னம்மா, காத்துதானே அடிக்குது? குறிச்சுட்டு வா."

"எந்தக் காத்து சார்? வாடையா, கொண்டலா, கச்சானா? எழுத எடமே இல்லியே."

அவள் அப்பா வள்ளத்தைக் கடலில் இறக்குவதா வேண்டாமா என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வாடை என்றால் வடக்கு, கொண்டல் என்றால் கிழக்கு, கச்சான் என்றால் மேற்கு. எங்கள் அட்டவணைக்கு எல்லாம் ஒரே காற்று. கன்னம் உப்பி ஊதும் ஒரு மேகத்தின் படம். அது எந்தத் திசையைப் பார்த்து ஊதுகிறது என்று வரைந்தவருக்கே தெரியாது.

காற்று அட்டவணையில்தான் ஒன்று, வகுப்பறைக்குள் எல்லாக் காற்றும் உண்டு. பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலை உப்பு தின்றுவிடும். மத்தியானம் கடற்காற்று கிளம்பினால் இரண்டாம் வகுப்பின் மொத்தக் கல்விச் சாதனையும் சவுக்குத் தோப்பில் கிடக்கும். பொறுக்கிக்கொண்டு வருவோம். அதையும் "செயல்பாடு" என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

2018-இல் புதுப் பாடப்புத்தகம் வந்தது. பாடத்துக்குப் பாடம் விரைவுக் குறியீடு, அதாவது கியூஆர் கோடு. போனைக் காட்டினால் பாடம் படமாக ஓடும். ஓடும்தான், சிக்னல் இருந்தால். எங்கள் பள்ளியில் சிக்னல் வேப்பமரத்தின் தென்புறத்தில், அதுவும் இடது கையைத் தூக்கினால் கிடைக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பிறகு கொரோனா வந்து, நாங்களே பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அளவுக்கு ஆனோம். அப்புறம் ஸ்மார்ட் வகுப்பறை. கரும்பலகைத் திட்டத்திலிருந்து பலகையே காணாமல் போகும் காலத்துக்கு வந்துவிட்டோம்.

ஒரு நாள் நீர்ச்சுழற்சி நடத்த யூடியூபில் நல்ல படம் ஒன்றைப் பிடித்தேன். கடல் ஆவியாகி மேலே போய் மேகமாகும் கட்டத்தில் சட்டென்று பாத்திரம் கழுவும் சோப்பு விளம்பரம். தவிர்க்கலாம் என்றால் ஐந்து வினாடி காத்திருக்கச் சொல்கிறது. அதற்குள் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தது, முதலிலிருந்து போட்டேன், மறுபடி மேகம், மறுபடி சோப்பு. பார்வைக்கு வந்த அதிகாரி அடுத்த வாரம் ஒரு பையனை எழுப்பி, "தண்ணி ஆவியாகி மேல போனதும் என்ன ஆகும்?" என்று கேட்டார். அவன் தயங்கவே இல்லை. "பாத்திரம் பளிச்சுனு ஆகும் சார்."

கண்ணால் கண்டதுதான் நிற்கும் என்று பயிற்சியில் சொன்னது பொய்யில்லை.

கரண்ட், சிக்னல், ஆடிட் எதற்கும் அசையாத துணைக்கருவி ஒன்று எங்கள் வாசலிலேயே குவிந்து கிடக்கிறது. மணல். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான காப்பகத்தைப் பார்த்துக்கொள்ள வந்தார் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தார். தன் ஆசிரியர்கள் முகம் சுளித்ததால் எட்டு வயதுப் பையன் ஒருவனையே வாத்தியாராக்கி நடத்திக்காட்டினார். 1797-இல் லண்டனில் புத்தகம் போட்டார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை கப்பலேறி "மெட்ராஸ் சிஸ்டம்" ஆகிவிட்டான். பெல் விட்டுப்போன பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் கட்டிய பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். இங்கே 1996-இல் நாம் மெட்ராஸையே சென்னை ஆக்கிவிட்டோம். அங்கே பலகையை மாற்றவில்லை. எங்கள் தலைமையாசிரியையைப் போல ஒருவர் அங்கே இருப்புப் பதிவேட்டில் ஏற்றியிருப்பார்.

அக்கம்பக்கத்தில் இருக்கிற பெரிய டி.எல்.எம். என்றால் மாமல்லபுரம். பிள்ளைகளை அர்ச்சுனன் தபசுக்கு அழைத்துப் போனேன். 90 அடிக்கு மேல் நீளம், 40 அடிக்கு மேல் உயரம், ஏழாம் நூற்றாண்டு. மேலே தொட்டி கட்டி நடுப்பிளவில் தண்ணீர் விட்டிருப்பார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது சரியானால் இது வேலை செய்யும் மாதிரி வேறு. தெர்மாகோல் துளியும் கிடையாது. ஒற்றைக்காலில் நிற்பவர் பாசுபதம் வேண்டிய அர்ச்சுனன் என்று ஒரு கட்சி, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்று இன்னொரு கட்சி என விளக்கினேன். ஒருவன் கவலையோடு கேட்டான்: "பரிட்சையில எதை சார் எழுதறது?"

மற்றவர்கள் என்னைக் கவனிக்கவே இல்லை. பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரிய யானையின் காலடியில் குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். தவம் செய்யும் பூனையிடம் வந்து நின்றோம். கையைத் தூக்கிக்கொண்டு, விலா எலும்பு தெரிய, சுற்றிலும் எலிகள். போலிச் சாமியார் பற்றி நான் தொண்டையைச் செருமுவதற்குள் ஒரு சிறுமி சொன்னாள்: "கருவாடு காயப்போட்டா எங்க வூட்டுப் பூனையும் இப்டித்தான் சார் சாமி கும்புடும்."

கொஞ்சம் தள்ளி இதே தபசுச் சிற்பம் இன்னொன்று, பாதியில் நிற்கிறது. ஏன் சார் முடிக்கல என்றார்கள். திட்டம் முடிந்து வேறு திட்டம் வந்திருக்கும் என்றேன். அந்தப் பதிலை என் அனுபவத்திலிருந்து சொன்னேன்.

மலை விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு கண்காட்சிக்காக "நம்ம ஊர்க் காலை" என்று வரையச் சொன்னேன். 31 பிள்ளைகள். 31 சூரியன், 62 மலை. எல்லாப் படத்திலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் சிரிக்கும் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் பறவை என்ற பெயரில் சில வளைகோடுகள். ஜன்னலுக்கு வெளியே வங்காள விரிகுடா இரைந்துகொண்டிருக்கிறது. ஒரு படத்தில்கூடக் கடல் இல்லை.

"நம்ம ஊர்ல மலை எங்கடா இருக்கு?"

யாரும் பேசவில்லை. கருவாட்டுப் பூனைக்காரி மெல்லக் கையை நீட்டிச் சுவரைக் காட்டினாள். சூரிய உதயம் சார்ட். மங்கிப்போயிருந்தாலும் அடியில் என் கையெழுத்தும் 2009-ஆம் வருஷத் தேதியும் தெளிவாகத் தெரிந்தன. நான் செங்கல்பட்டுக்காரன். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குன்று நிற்கும். கொளவாய் ஏரிக்கரையில் நின்று பார்த்து வளர்ந்த காலையைச் சுருட்டி பஸ்ஸில் கொண்டுவந்து இவர்கள் கடலை மறைத்து மாட்டியிருக்கிறேன்.

"வாங்க, நேராவே பார்க்கலாம்" என்று வீராவேசமாகக் கடற்கரைக்குக் கிளப்பினேன். மணி ஒன்பதரை. சூரியன் கண்ணைக் குத்தியது.

"நீங்க வர்றதுக்குள்ள அது மேல போய்டும் சார்" என்றாள் அவள், என்னைச் சமாதானப்படுத்தும் குரலில். யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கரையில் ஒருநாளும் சூரியன் உதித்து நான் பார்த்ததில்லை. என் பஸ் வரும் நேரம் அப்படி.

"எப்படிம்மா வரும்?"

குந்தி உட்கார்ந்து விரலால் மணலில் வரைந்தாள். ஒரு நீளக் கோடு. அதன்மேல் வட்டம் இல்லை, இட்லி. "உருண்டையா வராது சார். சப்பையாத்தான் வரும். கொஞ்ச நேரம் தண்ணில ஒட்டிக்கினு நிக்கும், அப்பறம்தான் உருண்டை ஆவும்." சூரியன் கோளம் என்று வாய் வரை வந்தது. மீன் ரெப்பை ஞாபகம் வர, மூடிக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன். அடிவானத்துக் காற்று ஒளியை வளைக்கிறது, கீழ் விளிம்பை மேல் விளிம்பைவிட அதிகமாகத் தூக்கிக் காட்டுகிறது, அதனால் உதிக்கும்போது சூரியன் சப்பைதான்.

மறுநாள் பழைய சார்ட்டைக் கழற்ற முடிவுசெய்து செங்கல்பட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியும்.

"பெரிய சார்ட் ஒண்ணு குடுங்க. சூரிய உதயம் வரையணும்."

"எதுக்கு சார் கஷ்டப்படறீங்க, ரெடிமேடே இருக்கு" என்று மேல்தட்டிலிருந்து ஒன்றை உருவித் தூசி தட்டி விரித்தார். வழவழப்பான தாள். இரண்டு மலை, நடுவில் சூரியன், சிரித்துக்கொண்டிருந்தது.

புரட்டிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.