இரண்டாமவர்

ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர்களில் முதலாமவர் நல்ல மனிதர். "கட்டுரை நன்று, எழுத்துப் பிழைகளைத் திருத்தி வெளியிடலாம்" என்று மூன்று வரியில் முடித்துக்கொண்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். உயிரை வாங்குவது எப்போதும் இரண்டாவது ரிவ்யூவர்தான்.

எங்கள் துறை ஆய்விதழ்கள் பலவற்றில் நம் பெயர் அவருக்குத் தெரியும், அவர் பெயர் நமக்குத் தெரியாது. பெயர் மறைந்திருந்தால்தான் தயவு தாட்சண்யம் பார்க்காமல் உண்மையைச் சொல்வார் என்று ஏற்பாடு. அவரும் அந்த ரகசியத்தை உயிராகக் காப்பாற்றுவார், ஐந்தாவது குறிப்பு வரைக்கும். அங்கே வரும்: "துறையின் முக்கியமான ஆய்வுகள் சிலவற்றை ஆசிரியர்கள் கவனிக்கத் தவறிவிட்டனர். கீழ்க்கண்டவற்றை மேற்கோள் காட்டினால் கட்டுரை வலுப்பெறும்." கீழே ஏழு கட்டுரைகள். ஏழிலும் ஒரே ஒரு பெயர் பொது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் ஏழு பூசணிக்காய்களைச் சோற்றின் மேலேயே அடுக்கிவிட்டு, நான் யார் சொல்லுங்கள் பார்க்கலாம் என்கிறார்.

நாங்கள் அனுப்பியது, கொட்டாங்குச்சிக் கரியைக் கொண்டு சாயப்பட்டறைக் கழிவுநீரின் நிறத்தை நீக்குவது பற்றி. அவருடைய ஏழில் மூன்று பேட்டரி பற்றியவை, ஒன்று வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சார் பற்றியது. 'கார்பன்' என்ற சொல்லைத் தவிர ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் சேர்த்தோம். "கார்பன் பல துறைகளில் பயன்படுகிறது" என்று யாருக்கும் தேவைப்படாத ஒரு வாக்கியத்தை முன்னுரையில் எழுதி, அதன் முதுகில் ஏழு எண்களையும் ஏற்றினோம். நீங்கள் படிக்கும் கட்டுரையில் இப்படி ஒரு சோப்ளாங்கி வாக்கியம் மூட்டை மூட்டையாக எண்களைச் சுமந்து நின்றால், அது அறிவியல் இல்லை, மொய். கல்யாணம் நம்முடையது, பந்திச் செலவும் நம்முடையது. வாசலில் நோட்டோடு உட்கார்ந்து தன் பெயருக்கு வசூலிப்பவர் அவர். வசூல் ஏற ஏற, மேற்கோள் கணக்கை வைத்து ஆய்வாளரை அளக்கும் அவருடைய எச்-இண்டெக்ஸ் ஏறும்.

மொய் எழுதினால் மட்டும் போதாது, பதில் கடிதத்தில் குறிப்புக்குக் குறிப்பு நன்றியும் சொல்ல வேண்டும். "இந்த நுட்பமான ஆலோசனைக்கு மதிப்பீட்டாளருக்கு எங்கள் மனமார்ந்த நன்றி" என்று என் மாணவன் டைப் செய்தபோது பல்லைக் கடித்த சத்தம் அடுத்த மேசையில் இருந்த எனக்குக் கேட்டது.

பல்லைக் கடிக்காமல் வெளிப்படையாகக் கோபித்துக்கொண்டவரும் உண்டு. 1936-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பு அலைகள் கிடையாது என்று 'ஃபிசிக்கல் ரிவ்யூ'வுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். இதழாசிரியர் அதை ஒரு ரிவ்யூவரிடம் கொடுத்தார், அவர் குறை சொன்னார். என்னைக் கேட்காமல் வேறொருவரிடம் எப்படிக் காட்டலாம் என்று ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார். ஆனால் அந்த ரிவ்யூவர் சொன்னதுதான் சரி. பிறகு முடிவை மாற்றித்தான் வேறோர் இதழில் வெளியிட வேண்டியிருந்தது. அவர் ஐன்ஸ்டைன், கோபித்துக்கொண்டார். எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

எங்கள் இரண்டாமவர் சொல்வதும் சில சமயம் சரியாக இருந்து தொலைக்கிறது. ஒன்பதாவது குறிப்பு: "பி.எச். 2 என்ற கடும் அமிலத்தில் உங்கள் கரி அருமையாக வேலை செய்கிறது என்கிறீர்கள். பருத்திச் சாயக் கழிவுநீர் காரத்தன்மை கொண்டதாயிற்றே, அங்கே என்ன ஆகும்?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதலாமவர் கேட்கவில்லை. கைடு நான், நானும் கேட்கவில்லை. பைசா சம்பளமில்லாமல் எங்கள் மூன்றாவது வரைபடத்தை உட்கார்ந்து உற்றுப் பார்த்த ஒரே ஜீவன் அந்த மொய்க்காரர்தான். இரண்டு மாதம் சோதனைகளைத் திரும்பச் செய்தோம். கட்டுரை உருப்பட்டது.

அதனால் ஏழு மேற்கோளுக்காக எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் காலண்டரைப் பார்த்துத்தான். முதல் சுற்றுக்கு ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். திருத்தி அனுப்பி நாலு மாதமாகிறது, இணையதளத்தில் இன்னும் 'அண்டர் ரிவ்யூ'. எடிட்டருக்கு மூன்று முறை எழுதியாயிற்று, "ஒரு மதிப்பீட்டாளரின் கருத்துக்காகக் காத்திருக்கிறோம்" என்கிறார். எந்த ஒருவர் என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. கட்டுரை வெளிவராமல் என் மாணவன் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க எங்கள் பல்கலைக்கழகம் விடாது.

ஐயா, எட்டாவது கட்டுரை ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறோம். பையனுக்கு ஐந்து வருட உதவித்தொகை அடுத்த மாதத்தோடு நிற்கிறது.