அளவுகோலின் விசுவாசம்

உலக வங்கி 2003-இல் தொடங்கி 2021-இல் கைவிட்ட ‘டூயிங் பிசினஸ்’ அறிக்கைக்கு உரிய பாராட்டு இன்னும் கிடைக்கவில்லை. அது மூடப்பட்ட நாட்களில் எல்லோரும் தரவுக் குளறுபடியைப் பற்றியே பேசினார்கள். 2018-ஆம் ஆண்டு அறிக்கையில் 85-ஆம் இடத்துக்குப் போயிருக்க வேண்டிய சீனா 78-இல் நின்றது, 2020 அறிக்கையில் சவூதி அரேபியா, அமீரகம், அஸர்பைஜான் ஆகிய நாடுகளின் எண்களிலும் யாரோ கை வைத்திருந்தார்கள் என்று செய்தி வந்தது. அந்தச் சத்தத்தில் அறிக்கையின் அசல் திறமை பேசப்படாமலே போனது. ஒரு நாட்டின் பொருளாதாரத்தில் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை அளக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். யாருக்காக அளக்கிறோம் என்பதில் இந்த அறிக்கை அளவுக்குத் தெளிவாக இருந்தவர்கள் குறைவு.

அதன் தொடக்க ஆண்டுகளின் முறையியல் பக்கங்கள் அவ்வளவு நுணுக்கமானவை. ‘தொழிலாளரை அமர்த்துதல்’ என்று ஒரு பகுதி உண்டு. எல்லா நாடுகளையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட, அதற்காகவே ஒரு தொழிலாளியை உருவாக்கினார்கள். அவர் 42 வயது ஆண். மேலாளர் பதவியில் இல்லாத முழுநேர ஊழியர். ஒரே கம்பெனியில் 20 வருடம் வேலை பார்த்தவர். நாட்டின் பெரும்பான்மை இனத்தையும் மதத்தையும் சேர்ந்தவர். மக்கள் மிகுந்த நகரத்தில் குடியிருப்பவர். சட்டம் கட்டாயப்படுத்தினால் ஒழிய எந்தத் தொழிற்சங்கத்திலும் சேராதவர். முகம் தெரியாத ஒரு மனிதரைப் பற்றி இத்தனை விவரம் தெரிந்து வைத்திருந்தவர்களின் சிரத்தையைக் குறைத்துச் சொல்ல முடியாது.

இத்தனையும் தெரிந்துகொண்டு அவரைப் பற்றிக் கேட்ட முக்கியமான கேள்வி, அவரை வேலையை விட்டு அனுப்ப முதலாளிக்கு எத்தனை வாரச் சம்பளம் செலவாகும் என்பது. அமெரிக்காவுக்குப் பூஜ்யம். இந்தியாவுக்கு 56 வாரம். இந்த 56 கணக்குப் பிசகாதது. அப்போதைய தொழில் தகராறு சட்டப்படி ஆட்குறைப்புக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம். 20 வருடத்துக்கு 300 நாள். அவருக்காக அறிக்கை கற்பனை செய்த மாதிரிக் கம்பெனியின் அளவுக்கு மூன்று மாத முன்னறிவிப்பும் சேரும். கூட்டினால் 56 வாரம் சரியாக வருகிறது. 42 வயதில் வேலை போய், 19 வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று மறுவேலை தேடும் ஒருவரின் வீட்டில் அந்தப் பணம் ஒரு வருட வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மளிகைக் கடை பாக்கி. அறிக்கையில் அது செலவு. ஒரே தொகை இரண்டு பேர் கணக்கில் வரும்போது யாருடைய கணக்கை எழுதுவது என்று அந்தப் பக்கங்கள் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. குறைந்தபட்சக் கூலி உயர்ந்தாலும் அதே ஒழுங்கோடு மதிப்பெண் குறைந்தது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் தொழிற்சங்கங்களும் எதிர்த்த பிறகு, 2009-இல் அந்தப் பகுதியைக் கொள்கை ஆலோசனைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று வங்கியே சொன்னது. அதன் பின் தரவரிசைக் கணக்கிலிருந்தும் அது நீங்கியது. பிறகு வந்த அறிக்கைகளில் அந்த 42 வயதுக்காரர் இல்லை. அவர் இடத்துக்கு சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் உட்காரும் 19 வயது காசாளர் வந்தார். வயது மாறியது, வேலை மாறியது. சங்கத்தில் சேராதவர் என்ற நிபந்தனை மட்டும் அப்படியே நின்றது. இந்த உறுதி பெரிது.

அறிக்கை சொன்னதை முழுமனதோடு நம்பிய நாடு என்றால் ஜார்ஜியாதான். 2006-இல் புதிய தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி அப்போது காரணம் சொல்லாமலே ஒருவரை நீக்க முடிந்தது, ஒரு மாதச் சம்பளம் கொடுத்தால் போதுமாக இருந்தது. அதே ஆண்டில் தொழிலாளர் ஆய்வுத் துறையையே கலைத்துவிட்டது. 2007 அறிக்கை ஜார்ஜியாவை 112-ஆம் இடத்திலிருந்து 37-க்கு உயர்த்தி, அந்த ஆண்டின் முதன்மைச் சீர்திருத்த நாடு என்று அறிவித்தது. சொன்ன சொல்லுக்குப் பரிசும் கொடுக்கும் நேர்மை அதனிடம் இருந்தது.

ஜார்ஜியாவின் மேற்கே திகிபுலி என்று ஒரு நிலக்கரிச் சுரங்க நகரம். 2018 ஏப்ரலில் அங்கே ஒரு விபத்தில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஜூலையில் இன்னும் நான்கு பேர். சுரங்கத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நுழைந்து சோதிக்கும் முழு அதிகாரம் கொண்ட ஆய்வாளர் அந்நாட்டில் அப்போது கிடையாது. அக்டோபரில் புதிய அறிக்கை வந்தது. முந்தைய ஆண்டு 9-ஆம் இடத்தில் இருந்த ஜார்ஜியா 6-ஆம் இடத்துக்கு ஏறியிருந்தது. அளவுகோல் தன் விதியை மீறவில்லை. சுரங்கத்தில் இறந்தவர்களைப் பற்றிக் கேட்கும் கட்டம் அதில் இல்லை, ஆகவே கழிக்கவும் எதுவும் இல்லை. தன் விதிக்கு இவ்வளவு உண்மையாக நடந்த ஒன்றைக் கணக்குப் பிழைக்காக மூடினார்கள். பிழையே இல்லாத இந்த எண்ணை யாரும் எதிர்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

டென்மார்க்கை அது படித்த விதமும் நினைவில் வைக்க வேண்டியது. டென்மார்க்கில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. பணி நீக்கத்துக்கான செலவும் பூஜ்யம் என்று பதிவானது. நல்ல மதிப்பெண். டென்மார்க் பெரும்பாலும் முதல் ஐந்து இடங்களில் இருந்தது, அந்தப் பகுதி கணக்கிலிருந்து நீங்கிய பிறகு வந்த 2020 அறிக்கையிலும் நான்காவது. அங்கே அந்தச் சட்டம் இல்லாததற்குக் காரணம் வேறு. கூலியை நிர்ணயிப்பது சங்கங்களுக்கும் முதலாளிகள் சங்கங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். தொழிலாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சங்கத்தில் இருக்கிறார்கள். 1973 முதல் கம்பெனி இயக்குநர் குழுவில் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஊழியர்களுக்கு உண்டு. இன்று குறைந்தது 35 பேர் வேலை செய்யும் கம்பெனிகளில் அந்த உரிமை செல்லும். தொழிலாளர் பலம் மிகுந்திருந்ததால் சட்டம் தேவைப்படாத ஒரு நாட்டை, முதலாளிக்குத் தடையில்லாத நாடு என்று வாசித்து முன்வரிசையில் உட்கார வைத்தது. பாராட்டு போய்ச் சேர்ந்த இடம் சரிதான், டென்மார்க் அதற்குத் தகுதியானது.

ஜெர்மனியில் 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் பெரிய கம்பெனிகளின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் பிரதிநிதிகளுக்கு. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அது. சிறு பங்குதாரரின் உரிமையைக் காக்க ‘டூயிங் பிசினஸ்’ தனிப் பகுதியே வைத்திருந்தது. அந்தக் குழுவின் மறுபாதியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி அதில் கேள்வி இல்லை. தன் எல்லை தெரிந்த அளவுகோல்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கம்பர்ஸும் அவருடைய குழுவினரும் பொருளாதார ஜனநாயகத்தை அளக்க ஒரு குறியீடு செய்தார்கள். வேலையிடத்தில் உரிமை, சங்கங்களும் கூட்டுறவுகளும், முடிவெடுக்கும் அதிகாரம் எத்தனை கைகளில் பரவியிருக்கிறது, நிதிக் கொள்கை மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறதா என்று 32 நாடுகளைப் பார்த்தார்கள். வட ஐரோப்பிய நாடுகள் மேலே, அமெரிக்கா கடைசி வரிசையில். இந்தக் குறியீட்டில் மேலே வரவேண்டும் என்று எந்தப் பிரதமரும் இலக்கு அறிவிக்கவில்லை. உலக வங்கிப் பட்டியலில் முதல் 50-க்குள் வரவேண்டும் என்ற இலக்கை நம் அரசு அறிவித்தது. அரசுகளை ஓட வைப்பதில் ‘டூயிங் பிசினஸ்’ ஒரு படி மேலேதான்.

நாமும் ஓடினோம். 2015 அறிக்கையில் 142-ஆம் இடம், 2020 அறிக்கையில் 63. ஐந்து ஆண்டுகளில் 79 படிகள். அளந்தது மும்பையையும் டெல்லியையும் மட்டுமே. அந்தக் கடைசி அறிக்கையின்படி இந்தியாவில் கம்பெனி தொடங்க 18 நாள் போதும். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 2024-ஆம் ஆண்டின் நடுவில் சங்கப் பதிவுக்கு மனு கொடுத்தார்கள். செப்டம்பரில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் பதிவு பெற்றார்கள். கம்பெனியைப் பதிவு செய்ய ஆகும் நாட்களை எண்ணியவர்கள் சங்கத்தைப் பதிவு செய்ய ஆகும் நாட்களை எந்த நாட்டிலும் எண்ணியதில்லை. அதில் அவர்கள் பாரபட்சம் காட்டவில்லை.

நிர்வாகத்தில் தொழிலாளர்கள் பங்கேற்க வழி செய்ய வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 43A பிரிவு 1977 முதல் சொல்கிறது. அதற்கான மசோதா 1990-இல் மாநிலங்களவைக்கு வந்தது. சட்டமாகவே இல்லை. இந்தியா 79 படி ஏறிய அந்த ஐந்து ஆண்டுகளில் இதற்காக ஒரு மதிப்பெண்ணும் குறையவில்லை.