மொட்டைப் படங்கள் மறைந்ததும் மீண்டதும்: சித்தூர்–திருப்பதி வட்டார ஆய்வு

இவ்வட்டாரத்துக் குடும்பப் படங்களை மொட்டைக்கு முன், மொட்டைக்குப் பின் என இரு காலகட்டங்களாகப் பகுப்பதே முறை. திருமலைக் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை; ஆகவே பெருமாள் ஒரு படத்திலும் இல்லை. அந்தக் குறையை, சந்தனம் பூசிய குழந்தையின் தலையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் எடுத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

போன் நிறைவது இதனால்தான். 2021 ஜூன் 1 முதல் கூகுள் ஃபோட்டோஸில் வரம்பற்ற இலவச இடமும் நின்றது. புதிய படங்கள் 15 ஜிபி கணக்கில் சேர்ந்தன. 'இடமில்லை' என்ற அறிவிப்பைக் கண்டதும் களத்தில் இறங்குபவர் மாமா. இடத்தைக் காலி செய்வதற்கென்றே உள்ள பொத்தானைத் தொட்டால் போனில் உள்ள பிரதி மட்டும் போகும். மாமா தொடுவது 'டெலிட்'. அது போன், கிளவுட், அதே கணக்கில் இருக்கும் டேப்லெட் என எங்கும் துடைத்துவிடும். சிங்க் ஆவதை பேக்கப் என்று நம்பியதே பிழை என்பர் ஒரு சாரார். மாமாவிடம் போனைக் கொடுத்ததே பிழை என்பர் மறுசாரார். ஆய்வாளர் இரண்டாம் கட்சி.

கிளவுடில் ஏறிய படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், எடுத்துவிடலாம். ஆனால் வெள்ளிக்கிழமை வீடு கழுவும் மரபில் வந்த மாமா தொட்டியையும் அன்றே கவிழ்த்திருப்பார். மெமரி கார்டில் இருந்த படமென்றால் இன்னொரு வழி உண்டு. அதன்மேல் புதிதாக எதுவும் பதியாத வரை அழித்த படம் அங்கேயேதான் இருக்கும். கார்டைக் கழற்றி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் துழாவிப் பார்க்கலாம்.

மீட்பு இம்மண்ணுக்குப் புதிதன்று. அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள் பொறித்த செப்பேடுகள் திருமலைக் கோயில் அறையொன்றில் நூற்றாண்டுக்கணக்கில் கிடந்து, 1922-இல் வெளிப்பட்டன. அந்த அறைக்கு 60 நாள் கெடு இல்லை. சுத்தம் செய்ய மாமாவும் வாய்க்கவில்லை.

இன்றைய செப்பேட்டறை, எதையுமே அழிக்காத திருப்பதி பெரியம்மாவின் வாட்ஸ்அப். 'குட்மார்னிங்' ரோஜாக்களுக்கு நடுவே எல்லா மொட்டையும் அங்கே உண்டு. படம் சுருங்கியிருக்கும், எடுத்த தேதி உதிர்ந்திருக்கும்; எது யாருடைய மொட்டை என்பதில் அவருக்கும் பாட்டிக்கும் இன்னும் தகராறு. அனுப்பச் சொன்னால், "அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா, நேர்ல வந்து நீயே எடுத்துக்கோ. வரும்போது சித்தூர்லேருந்து ஒரு கூடை மாம்பழம் வாங்கிட்டு வா" என்கிறார்.